ரக்ஸ்லாவைத் தேடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எலீட் டேஞ்சரஸ் என்ற விண்வெளி விளையாட்டில் ரக்ஸ்லா என்று ஓர் இடம் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் சனிக்கிழமை இரவுகளில் ஐந்தாறு பேர் கூடி அதைத் தேடுகிறோம். 2017இல் நானும் தம்பியும் மட்டும் தொடங்கியது. பிறகு மச்சாளின் மகன், பக்கத்து அடுக்குமாடிப் பிள்ளைகள், அவர்களின் பள்ளிக்கூட நண்பர்கள் என்று ஆள் கூடிவிட்டது. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதி, பதிலைக் கீழே தந்திருக்கிறேன். மேலிருந்து கீழாக வாசியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகின்றன.

அக்கா, முதல்ல ரக்ஸ்லா எண்டா என்ன? கிரகமா?

1984இல் டேவிட் பிரேபென், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் பிபிசி மைக்ரோ கணினிக்காக எலீட் என்ற விளையாட்டை எழுதினார்கள். அந்தப் பெட்டிக்குள் ராபர்ட் ஹோல்ட்ஸ்டொக் எழுதிய 'த டார்க் வீல்' என்ற குறுநாவலும் இருந்தது. ரக்ஸ்லா என்ற பெயர் வந்தது அதில்தான். எங்கோ ஒரு பேய்க் கிரகம், அதில் வேற்றுலகத்தார் கட்டிய ஒரு வாசல், அந்த வாசலால் வேறு பிரபஞ்சங்களுக்குப் போகலாம் என்று கப்பலோட்டிகள் தங்களுக்குள் கதைத்துக்கொள்கிற விஷயமாக அது வருகிறது.

எலீட் டேஞ்சரஸ் 2014 டிசம்பர் 16இல் வெளியானது. விளையாட்டுக்குள் நடப்பது நம் ஆண்டோடு 1286ஐக் கூட்டினால் வரும் ஆண்டு. அதாவது 2014 அங்கே 3300. இப்போது விளையாட்டுக்குள் கோடெக்ஸ் என்று ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. அதில் ரக்ஸ்லாவுக்கு ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கமும் அது கிரகம்தான் என்று அடித்துச் சொல்லவில்லை. வேற்றுலகத்தார் செய்த பொருளாக இருக்கலாம் என்ற கதையையும் சொல்கிறது. ஆகவே கிரகம் என்று முடிவு கட்டிக்கொண்டு தேடாதீர்கள். சந்திரனாகவோ ஒரு நிலையமாகவோ இருந்தால், கிரகத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கடந்து போயிருப்பீர்கள்.

உண்மையா உள்ளுக்குள்ள வச்சிருக்காங்களா, இல்ல சும்மா கதை விடுறாங்களா?

வைத்திருக்கிறார்கள். விளையாட்டை உருவாக்கிய ஃபிரன்டியர் நிறுவனத்தில் தயாரிப்புப் பொறுப்பில் இருந்த மைக்கேல் புரூக்ஸ், ரக்ஸ்லா விளையாட்டில் இருக்கிறது என்று சொன்னார். எங்கே என்று கேட்டபோது குறிப்புத் தர மறுத்துவிட்டார். 1984 விளையாட்டில் 8 அண்டங்கள், ஒவ்வொன்றிலும் 256 கிரகங்கள், மொத்தம் 2048. அதில் ரக்ஸ்லா இல்லை. அப்போது நாவலை வாசித்துவிட்டுத் தேடியவர்கள் இல்லாததைத்தான் தேடினார்கள். இன்று நாம் தேடுவது அப்படியல்ல.

இத்தனை பேர் இத்தனை வருஷமா விளையாடுறாங்க. இன்னும் ஏன் கிடைக்கல?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விளையாட்டில் இருப்பது முழுப் பால்வீதி, உண்மை அளவிலேயே. சுமார் 40,000 கோடி நட்சத்திரத் தொகுதிகள். ஒரு தொகுதிக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் ஒருவருக்கு ஏறத்தாழ 760,000 ஆண்டுகள் வேண்டும். ஒரு இலட்சம் பேர் நித்திரை கொள்ளாமல் பகிர்ந்து செய்தாலும் ஏழரை ஆண்டுக்கு மேல். விளையாட்டு வந்ததிலிருந்து எல்லோருமாகச் சேர்ந்து போய்ப் பார்த்தது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

முயற்சி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 2019இல் 'டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் 2' என்று ஒரு பெரும் பயணம் நடந்தது. 13,000க்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். நம் சூரியனிலிருந்து 65,000 ஒளியாண்டுக்கு அப்பால், அண்டத்தின் மறுகரையில் இருக்கும் பீகிள் பொயின்ட் வரை போவது திட்டம். அவ்வளவு பெரிய கூட்டமும் அண்டத்தின் குறுக்கே ஒரு நூல்தான் இழுத்தது.

இன்னொன்று. ஒரு தொகுதிக்கு ஒரு நிமிடம் என்பதே பெருந்தன்மையான கணக்கு. நமக்குப் பக்கத்து வீடான அல்ஃபா சென்டோரியில் ஹட்டன் ஓர்பிட்டல் என்று ஒரு நிலையம் இருக்கிறது. வேறு தொகுதியிலிருந்து தாவி வந்து சேரும் இடத்திலிருந்து அது 0.22 ஒளியாண்டு தூரம். சாதாரண வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கப்பலை ஓட்ட வேண்டும். ஒரே தொகுதிக்குள்ளேயே அவ்வளவு வெறும் இடம் கிடக்கிறது.

ஃபோன்ல விளையாடலாமா? பிளேஸ்டேஷன்ல?

ஃபோனில் இல்லை. பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் இரண்டுக்கும் புதிதாக எதுவும் செய்வதை 2022 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். கணினி வேண்டும், தனி கிராஃபிக்ஸ் கார்ட் உள்ளதாக. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பாவித்த கார்ட் வாங்குவதென்றால் கடையிலேயே ஏதாவது ஒரு விளையாட்டைப் போட்டுக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சூடேறிய பிறகுதான் அதன் குறை தெரியும்.

தமிழில் விளையாட்டு கிடையாது. ஆங்கிலம் தடுமாறுபவர்கள் பயப்பட வேண்டாம்; தேடலுக்குத் தேவையான சொற்கள் முப்பதுக்குள்தான்.

கரண்ட் போனா, நெட் போனா, தேடினதெல்லாம் போயிடுமா?

போகாது. இணையம் இல்லாமல் விளையாட முடியாது, அது உண்மை. தனியாக விளையாடும் சோலோ முறைக்கும் இணைப்பு வேண்டும். ஆனால் நீங்கள் பார்த்ததெல்லாம் சர்வரில் பதிந்துகொண்டே போகும். நடுவில் அறுந்தால், திரும்ப வரும்போது அதே தொகுதியில் நிற்பீர்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது நாங்கள் ஒவ்வொரு தொகுதியாகத்தான் முன்னேறினோம். ஒன்றும் அழியவில்லை.

டேட்டா பற்றியும் இதோடு கேட்பார்கள். முதலில் இறக்கும்போதுதான் நிறையப் போகும். இரவு டேட்டா இருக்கும் நேரத்தில் அதை முடித்துவிடுங்கள். பிறகு சோலோவில் தேடுவதற்கு வீடியோ பார்க்கிற அளவுக்குச் செலவாகாது. சோலோவோ எல்லோரும் இருக்கும் ஓபனோ, அண்டம் ஒன்றுதான்.

அப்ப எதால தரவு அழியும்?

கப்பல் உடைந்தால். வெளியே திரிந்து சேர்த்த ஆய்வுத் தரவை ஒரு நிலையத்தில் கொண்டுபோய் விற்கும்வரை அது கப்பலோடுதான் இருக்கும். மச்சாளின் மகன் ஒருமுறை ஈர்ப்பு அதிகமான ஒரு கிரகத்தில், வழக்கமான இடத்தில் இறங்குவதுபோல மூக்கைக் கீழே சாய்த்தான். கப்பல் கல் விழுவதுபோல விழுந்தது. அவன் கை இன்னும் ஸ்டிக்கில் இருக்க, திரையில் மறுபடி கப்பல் வாங்கும் பக்கம் வந்துவிட்டது. மூன்று வாரம் சேர்த்த தரவு. பிள்ளை அன்று சாப்பிடவே இல்லை. தரையிறங்கும் முன் ஈர்ப்பு எவ்வளவு என்று வரைபடத்தில் பாருங்கள். பூமியின் ஈர்ப்பான ஒன்றுக்கு மேல் போனால் மெல்ல, மட்டமாக இறங்குங்கள்.

ஆனால் தேடலைப் பொறுத்தவரை அவனுக்கு ஒன்றும் இழப்பில்லை. ஏன் என்பதைக் கொப்பி பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

எந்தக் கப்பல் வாங்குறது? காசு இல்லையே.

தொடக்கத்தில் தரும் சைட்வைன்டரில் கொஞ்சம் கடிதம், சரக்கு ஏற்றி இறக்கினாலே டயமண்ட்பேக் எக்ஸ்புளோரர் வாங்கும் அளவுக்குச் சேர்ந்துவிடும். வெறும் கப்பல் சுமார் 19 இலட்சம் கிரெடிட். எங்கள் மாடிக் கூட்டத்தில் இருவர் இன்னும் அதில்தான் போகிறார்கள். ஆஸ்ப் எக்ஸ்புளோரரும் நல்லது. 2024இல் வந்த மண்டலே இவற்றையெல்லாம்விடத் தூரம் தாவும், ஆனால் அவசரமில்லை.

எரிபொருள் அள்ளும் ஸ்கூப்பைக் கட்டாயம் பூட்டுங்கள். எல்லா நட்சத்திரத்திலும் எரிபொருள் அள்ள முடியாது. கே, ஜி, பி, எஃப், ஓ, ஏ, எம் என்ற ஏழு வகையில் மட்டும்தான். கொப்பியின் முதல் பக்கத்தில் இதை எழுதிவையுங்கள். வழியில் எரிபொருள் தீர்ந்து நின்றுவிட்டால் 'ஃபியூவல் ராட்ஸ்' என்ற விளையாட்டுக்காரர் குழுவைக் கூப்பிடலாம். 2015 முதல் அவர்கள் காசு வாங்காமல் வந்து எரிபொருள் தந்துவிட்டுப் போகிறார்கள். எங்களை இரண்டு முறை காப்பாற்றியிருக்கிறார்கள். அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது.

ஒரு இடத்துக்குப் போய்ச் சேந்தாப் பிறகு என்னத்தப் பார்க்கிறது?

நட்சத்திரத்தின் முன் வந்து விழுந்ததும் முதலில் விலகுங்கள், வெப்பம் ஏறும். பிறகு கண்டறியும் ஸ்கானரை அழுத்திப் பிடியுங்கள். கப்பல் ஹோர்ன் அடித்த மாதிரி ஒரு நீண்ட சத்தம் வரும். அதனால்தான் எல்லோரும் அதை ஹோங்க் என்கிறார்கள். அது தொகுதியில் எத்தனை உடல்கள், அதாவது நட்சத்திரம், கோள், சந்திரன் எல்லாமாக எத்தனை, இருக்கின்றன என்று மட்டும் சொல்லும்.

அப்புறம் எஃப்எஸ்எஸ் என்ற, தொகுதி முழுவதையும் அலசும் ஸ்கானரின் திரையைத் திறக்க வேண்டும். நான் மிகவும் விரும்பும் இடம் இதுதான். கப்பலின் கண்ணாடி மறைந்து நீலத் திரையில் தொகுதி விரியும். கீழே வானொலியில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல ஒரு பட்டை. அதில் அலைகள் துடிக்கும். இடது பக்கத்தில் பாறைத் திட்டுகள், நடுவில் பாறை, பனிக் கோள்கள், வலது பக்கம் போகப் போக வாயுப் பெருங்கோள்கள். ஊசியை அலையின் மேல் கொண்டுபோய் நிறுத்தினால், வானத்தில் அந்த உடல் இருக்கும் திசையில் அம்புகள் குவியும். அதை நோக்கிப் பெருப்பித்தால் இரைச்சலுக்குள்ளிருந்து கோள் மேலே வரும். வாயுக் கோள் அடிவயிற்றில் உறுமும். நீர் உள்ள கோளுக்கு வேறு குரல். இரவு இரண்டு மணிக்குக் கரையோரப் பாதையில் கடைசிச் சரக்கு ரயிலும் போன பிறகு ஹெட்ஃபோனில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

உடல்களை எண்ணி முடித்ததும் நிறுத்திவிடாதீர்கள். பட்டையின் தொடக்கத்தில், கோள்களுக்குச் சேராத சமிக்ஞைகள் வரும். பலர் அவசரத்தில் விடுவது அதைத்தான்.

பேரெல்லாம் ஏன் இப்படி விசித்திரமா இருக்கு? இதை எப்படி வரிசையாத் தேடுறது?

உண்மையான வானியல் அட்டவணைகளில் உள்ள ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட நட்சத்திரங்களை அப்படியே எடுத்திருக்கிறார்கள். மிச்சம் அனைத்தையும் ஸ்டெல்லர் ஃபோர்ஜ் என்ற நிரல், பௌதிக விதிகளை வைத்து உண்டாக்குகிறது. 2017 பெப்ரவரியில் டிராப்பிஸ்ட்-1 என்ற சிறு நட்சத்திரத்தைச் சுற்றி ஏழு கோள்கள் இருப்பதாக நாசா அறிவித்தபோது, ஏறத்தாழ அதே இடத்தில் ஏழு உடல்களோடு ஒரு தொகுதியை அந்த நிரல் முன்பே உண்டாக்கி வைத்திருந்தது தெரியவந்தது.

நிரல் உண்டாக்கிய தொகுதிகளுக்கு 'சினுயெஃபே எக்ஸ்ஆர்-எச் டி11-102' என்ற மாதிரிப் பெயர் வரும். பார்க்கத்தான் குழப்பம், உண்மையில் அது விலாசம். 'சினுயெஃபே' ஒரு பெரும் வட்டாரம்; பக்கத்துக்கு 1280 ஒளியாண்டு உள்ள கனசதுரம். அதற்குள் சின்னச் சின்னப் பெட்டிகள். பெட்டியின் அளவைச் சொல்வது அந்தச் சிறிய எழுத்து. ஏ என்றால் 10 ஒளியாண்டு, பி 20, சி 40, டி 80 என்று இரட்டித்து எச் வரும்போது 1280. கடைசி எண்ணான 102, அந்தப் பெட்டிக்குள் இந்தத் தொகுதியின் இலக்கம். எண்ணிக்கை 0இலிருந்து தொடங்கும்.

இதைப் பிடித்துக்கொண்டால் வேலை இலகு. ஒரு பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ட வரைபடத்தில் 0, 1, 2 என்று எண்ணை மாற்றி மாற்றித் தேடுங்கள். தேடல் எதையும் காட்டாமல் நிற்கும் இடத்தில் பெட்டி முடிகிறது. எத்தனை தொகுதி இருக்கிறது, எத்தனை பார்த்தாயிற்று என்று துல்லியமாகச் சொல்லலாம். கண்ணுக்குப் பட்ட நட்சத்திரத்துக்கெல்லாம் தாவித் திரிவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

குறிப்பே இல்லையா? ஒண்டுமே இல்லாம எப்படித் தேடுறது?

இருக்கிறது. 2018 டிசம்பரில் கோடெக்ஸ் வந்தபோது ரக்ஸ்லா பக்கமும் வந்தது. ரக்ஸ்லா பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று 2296ஆம் ஆண்டு, டௌ செட்டி என்ற நட்சத்திரத் தொகுதியில் எழுதிய ஒரு நாட்குறிப்பு என்று அது சொல்கிறது. டார்க் வீல் என்ற இரகசியக் குழுவினர் கிண்ணத்தை உயர்த்திச் சொல்லும் ஒரு வாழ்த்தும் அதில் உண்டு. அண்டங்களின் தாயின் நெற்றியில் எரியும் மணி, தாவும் பாதைக்குள் கிசுகிசுப்பவள், ஆழ வெறுமையின் மாயக் குரல், பெற்றோரின் துயர், காதலரின் வேதனை, அலையும் நெஞ்சங்களின் ஏக்கம் என்று அந்த வாழ்த்து ரக்ஸ்லாவை அழைக்கிறது.

ஒவ்வொரு சொல்லுக்கும் நூறு விளக்கம் உண்டு. கிரேக்கக் கதையில் அந்திரொமேடாவின் தாய் காசியோபியா. அந்திரொமேடா ஓர் அண்டத்தின் பெயரும் ஆவதால், அண்டத்தின் தாய் காசியோபியா என்கிறார்கள் சிலர். நவம்பரில் முன்னிரவில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து வடக்கே பார்த்தால் எம் எழுத்துப்போல ஐந்து நட்சத்திரம் தெரியும். அதுதான் காசியோபியா. வேறு சிலர் ஹேராவின் பாலிலிருந்து பால்வீதி வந்த கதையைப் பிடிக்கிறார்கள். பெற்றோரின் துயரை மகளைப் பாதாளத்துக்குப் பறிகொடுத்த தாயின் கதையோடும், காதலரின் வேதனையைத் திரும்பிப் பார்த்து மனைவியை இழந்தவனின் கதையோடும் சேர்க்கிறார்கள்.

என் எண்ணம் இது: அந்த வாழ்த்தை விலாசமாக வாசிக்கக் கூடாது. எந்தப் பெட்டியிலிருந்து தொடங்கலாம் என்று தெரிவுசெய்ய அது உதவும், அவ்வளவே. அதில் மூன்று இடங்களில் குரல் வருவது மட்டும் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கிசுகிசு, மாயக் குரல், பிறகு துயர். அதனால் தேடும்போது இசையை நிறுத்திவிட்டு, சத்தங்களை மட்டும் வைத்திருக்கிறேன்.

துருவ நட்சத்திரத்துக்குள்ள யாரையும் விடமாட்டாங்களாமே? அங்கதான் இருக்கும்!

போலாரிஸ் அனுமதிப் பூட்டுப் போட்ட தொகுதி, உண்மை. சூரியனுக்கு வர, விளையாட்டில் வரும் கூட்டமைப்பு என்ற அரசிடம் தரம் உயர வேண்டும். ஷின்ரார்டா டெஸ்ரா என்ற தொகுதிக்கு எலீட் என்ற உயர்ந்த பட்டம் வேண்டும். போலாரிஸின் அனுமதியை எப்படிப் பெறுவது என்று இன்றுவரை ஒருவருக்கும் வழி கிடைக்கவில்லை. பூட்டிய வட்டாரங்கள் வேறும் இருக்கின்றன.

ஆனால் பூட்டைப் பார்த்ததும் உள்ளே புதையல் என்று நினைப்பது இலகுவான பாதை. எதிர்காலக் கதைக்காக ஒதுக்கி வைத்த இடமாகவும் இருக்கலாம். கொழும்பிலிருந்து துருவ நட்சத்திரத்தைப் பார்க்க முயன்றவர்களுக்குத் தெரியும்: நாம் 7 பாகை அகலாங்கில் இருப்பதால் அது அடிவானத்திலிருந்து 7 பாகைதான் மேலே, கட்டடங்களுக்குப் பின்னால். அது அங்கே இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, ஆனால் பார்க்கத்தான் முடியாது. பூட்டிய தொகுதியும் அப்படித்தான். போக முடியாத இடத்தைப் பற்றி வாதாடும் நேரத்தில் போகக்கூடிய பத்துத் தொகுதியைப் பார்த்து முடிக்கலாம்.

முன்னால இப்படி ஒளிச்சு வச்சதை யாராவது கண்டுபிடிச்சிருக்காங்களா?

நிறைய. ஒவ்வொன்றும் படிக்க வேண்டிய பாடம். 2015இல் விளையாட்டுக்காரர்களுக்கு அடையாளம் தெரியாத ஒரு பொருள் கிடைத்தது. உறுமலும் புலம்பலுமாக ஒரு சத்தம். அதைப் பதிவுசெய்து மெதுவாக ஓட்டிப் பார்த்தவர்கள், அதற்குள் மோர்ஸ் குறியீடு இருப்பதையும், அது பக்கத்திலிருக்கும் கோளின் பெயரைச் சொல்வதையும் கண்டார்கள்.

2016 ஜனவரியில் வேற்றுலக உயிர்ப்பொருளான பார்னக்கிளை முதலில் கண்டது மெரோப்பே 5 சி என்ற சந்திரனில். மெரோப்பே எங்கே இருக்கிறது தெரியுமா? நம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தில். விளக்கீட்டன்று அம்மா வாசலில் பந்தம் நட்டுக்கொண்டிருக்க, தம்பி கிழக்கே கையை நீட்டி "அந்தக் கூட்டத்துக்குள்ளதான் அம்மா போய் இறங்கினனாங்கள்" என்று சொன்னது எனக்கு மறக்காது.

அதே ஆண்டு ஒக்டோபரில் கார்டியன் என்ற அழிந்த இனத்தின் இடிபாடுகள் கிடைத்தன. ஒரு முன்னோட்டக் காணொளியில் அவை சில நொடிகள் வந்தன. பின்னணி வானத்தை வைத்து எந்தத் திசை என்று கணித்துத் தேடினார்கள். கிடைத்த தொகுதியின் பெயரைத்தான் மேலே விலாசத்துக்கு உதாரணமாகத் தந்தேன். கவனியுங்கள்: ஒன்று காதால், ஒன்று நிலத்தில் இறங்கிப் பார்த்த கண்ணால், ஒன்று படத்தின் பின்னணியால். ஓட்டத்தில் தட்டுப்பட்டது எதுவுமில்லை.

எல்லாரும் பார்த்த இடத்தைத் திரும்பப் பார்க்கிறது வீண்வேலைதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன். "அங்கே நான் பார்த்துவிட்டேன், ஒன்றுமில்லை" என்ற வசனம் எங்கள் மாடியில் வாரம் பத்துத் தடவை கேட்கும். எப்போது பார்த்தாய்? எதை வைத்துப் பார்த்தாய்? ஹோங்க் மட்டும் அடித்தாயா, எல்லா உடலையும் பெருப்பித்தாயா, தரையில் இறங்கினாயா? பதில் வராது.

'இல்லை' என்பதற்கு வயது இருக்கிறது. எஃப்எஸ்எஸ் வந்ததே 2018 டிசம்பரில். அதற்கு முன் ஒரு ஹோங்க் அடித்தால் உடல்களெல்லாம் பட்டியலில் வந்துவிடும், பலரும் பட்டியலைப் பார்த்துவிட்டு அடுத்த தாவலுக்குப் போனார்கள். 2021 மே மாதம் ஒடிசி என்ற விரிவாக்கம் வந்தபோது கோள்களின் தரையை உண்டாக்கும் முறையே மாறியது. ஆக, 2016இல் ஒருவர் சொன்ன 'இல்லை'யும், நேற்று இரவு மூன்று மணி நேரம் ஒரே தொகுதியில் இருந்தவர் சொல்லும் 'இல்லை'யும் ஒன்றல்ல. சூரியனைச் சுற்றிய சில நூறு ஒளியாண்டுகளை எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்கிறோம். எல்லோரும் அதன் வழியாகப் போயிருக்கிறார்கள், அதுதான் உண்மை. நாங்கள் இப்போது தேடுவது அங்கேதான்.

சரி, அப்ப கொப்பியில என்ன எழுதணும்?

நாங்கள் சி.ஆர். கொப்பி பாவிக்கிறோம். பக்கத்தில் ஐந்து கோடு: தொகுதியின் முழுப் பெயர், திகதி, விளையாட்டின் எந்தப் பதிப்பு, எதுவரை பார்த்தோம், விசித்திரமாக எது பட்டது. நான்காவதற்கு எழுத்து வைத்திருக்கிறோம். 'ஹ' என்றால் ஹோங்க் மட்டும், 'உ' என்றால் எல்லா உடலும், 'ச' என்றால் சமிக்ஞைகளும், 'த' என்றால் தரை. ஐந்தாவதில் "ஒன்றுமில்லை" என்று எழுதக் கூடாது என்பது எங்கள் விதி. வெறுமையாக விடலாம், அல்லது பார்த்ததை எழுதலாம்.

விளையாட்டும் ஒரு கொப்பி எழுதுகிறது. உங்கள் கணினியில் சேவ்ட் கேம்ஸ் கோப்புறைக்குள் ஜர்னல் என்று கோப்புகள் இருக்கும். ஒவ்வொரு தாவலும், ஒவ்வொரு ஸ்கானும், நேரத்தோடும் சூரியனை 0, 0, 0 என்று வைத்த ஆள்கூறுகளோடும் அதில் பதிவாகும். கப்பல் உடைந்தாலும் அது அழியாது. மச்சாளின் மகன் இழந்தது காசு மட்டும்தான் என்று சொன்னது இதனால்தான். கணினியை மாற்றும்போதோ விண்டோஸைப் புதிதாகப் போடும்போதோ அந்தக் கோப்புறையை ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். நான் 2019இல் அதைச் செய்யாமல் விட்டு இரண்டு வருடத் தேடலைத் தொலைத்தேன். அந்தத் தொகுதிகளுக்கெல்லாம் மறுபடி போக வேண்டியிருந்தது. அதை ஈடிஎஸ்எம் என்ற பொது நட்சத்திர வரைபடத்துக்கும் அனுப்பலாம். உங்களுக்குப் பின் வருபவருக்கு உதவும்.

கண்டுபிடிச்சிட்டாங்களாம் அக்கா, படம் வந்திருக்கு பாருங்க!

படத்தோடு தொகுதியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இருந்தால் போய்ப் பாருங்கள். வேறொருவர் போய் அதையே கண்டால்தான் அது கண்டுபிடிப்பு. பெயரில்லாத படத்துக்கு ஒரு இரவைச் செலவழிக்காதீர்கள். நான் இதை எழுதும்வரை அப்படி இரண்டாவது ஆள் உறுதிசெய்த இடம் எதுவும் வரவில்லை.

கேமின்ட ஃபைலை உடைச்சுப் பார்த்தா உடனே வந்திடாதா?

நிறுவனத்தின் விதிமுறைக்கு மாறானது, கணக்கும் போகலாம். எங்கள் மாடியில் அதைச் செய்வதில்லை. செய்துவிட்டு வந்து இடத்தைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நூற்றுக்கணக்கானவர்கள் பத்து வருடமாக நடந்து போய்க்கொண்டிருக்கும் பாதை இது.

பிள்ளை, இவன் ஏ.எல். எடுக்கப் போறான். இல்லாத ஊருக்கு வழி தேடி என்ன பிரயோசனம்?

இதைக் கேட்டது ஒரு அம்மா. நேர்மையாகவே பதில் சொன்னேன்: சோதனைக்கு ஆறு மாதம் இருக்கும்போது நான் யாரையும் மாடிக்கு விடுவதில்லை. அதில் எனக்குச் சமரசம் இல்லை. சனிக்கிழமை தவிர வேறு நாளிலும் கிடையாது.

ஆனால் அவருடைய மகன், ஆள்கூறுகளிலிருந்து இரண்டு தொகுதிகளுக்கு இடையே தூரம் காண்பதைக் கொப்பியில் தானே போட்டுப் பழகினான். நட்சத்திர வகைகளை வெப்ப வரிசையில் சொல்வான். கொழும்பு 7இல் இருக்கும் கோள்மண்டலத்துக்கு எங்களோடு வந்து, காட்சி முடிந்து வெளிச்சம் வந்த பிறகும் எழும்பாமல் இருந்தான். அதையும் அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் தேநீர் குடித்து முடிக்கும்வரை மகனின் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

நானும் வரலாமா?

வாருங்கள். இரவு எட்டு மணிக்குப் பிறகு. கணினி இல்லாவிட்டால் பரவாயில்லை, கொப்பி எழுத ஆள் எப்போதும் வேண்டும். இப்போது ஒரு சி பெட்டியில் இருக்கிறோம். இலக்கம் 0 முதல் 37 வரை. இதில் 21 வரை 'த' போட்டாயிற்று. 22இல் இரண்டு நட்சத்திரம், பதினான்கு உடல்கள். சமிக்ஞை இன்னும் பார்க்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வாருங்கள், ஹெட்ஃபோன் கொண்டுவாருங்கள்.